கண்ணாடிக்கு வைத்த பொட்டு

ஒரு பொட்டால் வந்த வினை இது. நெற்றியில் வைத்த பொட்டென்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். இது மிசினுக்கு வைத்த பொட்டு.

தூத்துக்குடிக்கு வடக்கே, வேப்பலோடை போகிற சாலையில் ஓர் உப்பு ஆலை இருக்கிறது. உப்பளத்திலிருந்து வருகிற உப்பைக் கழுவி, காயவைத்து, அயோடின் தெளித்து, பாக்கெட்டில் அடைத்து ஊர் ஊராக அனுப்புகிறார்கள். அந்த ஆலையின் கண்ட்ரோல் ரூமில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறவள் ஷெர்லி. நாசரேத்துக்காரி, பொன்னுதுரை வாத்தியாரின் மூத்த மகள், இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்தவள். வயது நாற்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்காத வாய் நாசரேத்தில் கிடையாது. அப்பா ஏழு வருஷம் படுக்கையில் கிடந்தார். தம்பி கிங்ஸ்டனைப் படிக்கவைக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது, பெண் பார்க்க வருகிறவர்கள் வருவதை நிறுத்தியிருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம். இப்போது மில்லர்புரத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள், கம்பெனி வேனில் வந்து போகிறாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் முதலாளிமாருக்கு ஆலையை ஸ்மார்ட் ஆக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை வந்தால் சும்மா இருப்பார்களா? பம்புக்கு ஒரு சென்சார், மோட்டாருக்கு ஒரு சென்சார், கூரைமேல் காற்றின் ஈரத்தை அளக்க ஒரு சென்சார் என்று ஆலை முழுக்க வயரை இழுத்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, அதைத்தான் எல்லோரும் 'கண்ணு' என்பார்கள். உப்பு காய்ந்து வெளியே வருகிற பெல்ட்டின் ஓரத்தில் ஒரு பெட்டி. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடி வழியாக ஒளி போய் உப்பின்மேல் பட்டு, உப்பில் எத்தனை ஈரம் என்று சொல்லிவிடும். ஈரம் அதிகம் என்றால் உலர்த்தும் அடுப்பு தானே சூட்டைக் கூட்டிக்கொள்ளும், குறைவென்றால் தானே குறைத்துக்கொள்ளும். மனுஷன் வாயே திறக்க வேண்டாம். கண் கலங்கிப்போனால் மட்டும் அடுப்புக்குப் புத்தி கெட்டுவிடும் என்பதால் மொத்த லைனும் தானாக நின்றுவிடும். நின்றால், ரெண்டே நிமிஷத்தில் கண்ட்ரோல் ரூமில் இருக்கிற சிவப்பு போன் அடிக்கும். புனேயில் ஒரு கம்பெனி உட்கார்ந்துகொண்டு, இதுபோல அஞ்சு ஆலைகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. ஆலையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரியும் சுண்டலும் வாங்கி வைத்து, ஒவ்வொரு மிசினுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற பொறுப்பை வழக்கம்போல இசக்கித்தாய் எடுத்துக்கொண்டாள். பாக்கெட் போடுகிற பெண்களுக்கெல்லாம் மூத்தவள் அவள். எந்த மிசினுக்கு எங்கே பொட்டு என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். புதிதாக வந்த கண்ணுக்கு எங்கே வைப்பது என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். பளபளவென்று கண்ணாடி தெரிந்திருக்கிறது. நடுமத்தியில் சந்தனத்தை அப்பி, அதற்குமேல் குங்குமத்தையும் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் லைனைப் போட்டதும் நின்றது. போட்டார்கள், நின்றது. சிவப்பு போன் அடித்தது. முதலில் ஒரு பெண்ணின் குரல், தரம் கருதி இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று மூன்று பாஷையில் சொன்னது. பிறகு ஓர் ஆண் குரல், திருத்தமான இங்கிலீஷில், உப்பில் நாற்பது சதவீதம் ஈரம் காட்டுகிறதே, பெல்ட்மேல் தண்ணீர் ஏதும் ஊற்றுகிறதா என்று கேட்டது. ஷெர்லி ஓடிப்போய் உப்பைத் தொட்டுப் பார்த்தாள். மணல்போல உதிர்ந்தது. அரை நாள் இப்படியே போயிற்று. புனேக்காரர் ஒவ்வொரு வயராகப் பார்க்கச் சொன்னார், இவள் பார்த்தாள். கடைசியில் ஆப்பரேட்டர் முத்துக்குமரன் ஸ்பானரோடு கண்ணையே கழற்றப் போக, இவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கார்ட்லெஸ் ரிசீவரைக் காதில் வைத்தபடியே கத்தினாள்.

"ஏலே முத்துக்குமரா, அங்கன கை வைக்காத, இங்கன வா!"

கத்திவிட்டுக் குனிந்தவள்தான் பொட்டைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். எண் சடசடவென்று இறங்கி லைன் ஓட ஆரம்பித்தது. இசக்கித்தாயைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, மிசினுக்கு நெற்றி எது என்று தேடிப் பார்த்ததாகவும், கண்ணாடிதான் நெற்றிமாதிரி இருந்ததாகவும் சொல்லி, அதிலென்ன தப்பு என்று திருப்பிக் கேட்டாள். ஷெர்லி போனில் விஷயத்தைச் சொன்னாள். அதுவரை இங்கிலீஷில் பேசிய குரல் தமிழில் வந்தது.

"மேடம், கொஞ்சம் முன்ன என்னமோ சொன்னீங்கள்லா... அங்கன, இங்கனன்னு."

"ஏன் சார்?"

"நான் விளாத்திகுளம் மேடம். பன்னெண்டு வருசம் ஆச்சு, இந்தப் பேச்சக் கேட்டு."

அவர் பேர் காசிலிங்கம்.

வேறெங்காவது இருந்தால் அந்தப் பேச்சு அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் கடலோர ஆலையில் கண் கலங்குவதற்குப் பொட்டு தேவையில்லை. கடலிலிருந்து அடிக்கிற கொண்டல் காற்று போதும். உப்புத்தூசியும் கடல் ஈரமும் சேர்ந்து கண்ணாடியில் பசையாக ஒட்டிக்கொள்ளும். காற்றை ஊதித் துடைக்கிற குழாய் ஒன்றைப் பெட்டியோடு கொடுத்திருந்தார்கள். அதை வடிவமைத்தவன் தூத்துக்குடிக் காற்றைச் சுவாசித்தவன் இல்லை. அது ஊதிய காற்றிலேயே ஈரம்! ஆக, மாசத்துக்கு ஐந்து தடவை, ஆறு தடவை லைன் நின்றது. சிவப்பு போன் அடித்தது. ஷெர்லி போய்த் துடைத்துவிட்டு வருவாள். பிறகு காசிலிங்கம் எண்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்வார். பெல்ட்டின் வேகம் எவ்வளவு, அடுப்பின் சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று அவள் தமிழில் வாசிப்பாள். அதே எண்கள் அவர் திரையிலும் ஓடிக்கொண்டிருந்தன என்பது இரண்டாம் வருஷமே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்தும் வாசித்தாள். இன்னும் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகவே வாசித்தாள்.

பேச்சு முழுக்கப் பதிவாகிறது அல்லவா? மிசினைத் தவிர எதைப் பற்றியும் பேச முடியாது. மனுஷ மனசு சும்மா இருக்குமா, அதற்கும் ஒரு சந்து கண்டுபிடித்தது.

"காத்து எப்படி மேடம் இருக்கு? ஹியூமிடிட்டிக்காகக் கேக்கேன்."

கூரைமேல் இருக்கிற சென்சார் அதையும்தான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இருந்தாலும் ஷெர்லி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து பார்ப்பாள். இன்றைக்குக் கொண்டல் என்பாள், வாடை திரும்பியிருக்கிறது என்பாள். ஒரு தடவை, "வடக்க கருத்துக் கெடக்கு சார், உங்க ஊருப் பக்கந்தான்" என்று சொல்லிவிட்டாள். ஒரு நிமிஷம் அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அன்று கம்பெனி வேனில் வீடு திரும்பும்போது, வழி முழுக்க வடக்கே பார்த்துக்கொண்டே வந்தாள்.

கொரோனா சமயத்தில் எல்லாம் அடைத்துக் கிடந்தபோதும் உப்பு ஆலை ஓடியது. காசிலிங்கம் வீட்டிலிருந்து வேலை பார்த்தார். பேச்சுக்கு நடுவே குக்கர் விசிலடிக்கும்; நாலு விசில் ஆயிற்று, ஒரு நிமிஷம் என்று எழுந்து போவார். அவரே சமைக்கிறார் என்று ஷெர்லி புரிந்துகொண்டாள். பிறகொரு நாள், மனைவி தவறி ஒன்பது வருஷம் ஆகிறது, மகள் பெங்களூரில் படிக்கிறாள் என்பதையும், யூ.பி.எஸ். பாட்டரியைப் பற்றிப் பேசுகிற பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மட்டும் லைன் நிற்காமலே அவரிடமிருந்து போன் வரும். நாளைக்குக் கண்ணுக்குப் பொட்டு வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் மேடம் என்பார். வருஷா வருஷம் அதையே சொல்வார். அந்த ஒரு போனுக்காக அவள் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடக் கண்ட்ரோல் ரூமை விட்டு நகரமாட்டாள்.

இதற்கெல்லாம் என்ன பேர் வைப்பது? ஷெர்லி அதற்குப் பேர் வைக்கவில்லை. முகம் தெரியாது. கம்பெனி ஆப்பில் அவர் பேருக்குப் பக்கத்தில் முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் ஒரு காற்றாலையின் படம் இருந்தது. அதையா பார்த்து ஏங்குவது? ஏங்கினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார்ந்திருக்கும்போதும், மார்க்கெட்டில் மீன் வாங்கும்போதும், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று தன்னையறியாமல் பார்த்துவைத்துக்கொண்டாள், கேட்டால் சொல்ல வேண்டுமே என்று. ஆனால் ஒரு கேள்வி மட்டும் அவளைக் குடைந்தது. அந்த மனுஷனுக்கு வேண்டியது தன்னையா, இல்லை தன் வாயிலிருந்து வருகிற ஊரையா? பசியோடு பந்தியில் உட்கார்ந்தவனுக்குப் பரிமாறுகிறவள் முகமா தெரியும்? அவள் இடத்தில் ஒரு சாத்தான்குளத்துக்காரியோ உடன்குடிக்காரியோ இருந்து அங்கன இங்கன என்று பேசியிருந்தாலும், அவர் இதே மாதிரி மூச்சு விட்டிருப்பார் இல்லையா? இதை யாரிடம் கேட்பது! அவரிடமே கேட்கலாம் என்றால் தரம் கருதிப் பதிவு செய்கிறார்கள்.

ஐந்தாம் வருஷம் அவள் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

நடந்தது இதுதான். கண்ணாடியை மனுஷக் கை படாமல் துடைக்க ஒரு வழி வேண்டும் என்று அவள் மூளை ரொம்ப நாளாக ஓர் ஓரத்தில் அரித்துக்கொண்டேயிருந்தது. நைலான் பிரஷ் வைத்துப் பார்த்தாள். ரெண்டே நாளில் உப்பு ஏறி அதுவே கல்லாகிவிட்டது. ஒருநாள் இசக்கித்தாய் தரையில் படிந்த உப்பைப் பனை நாரில் கட்டின பனந்தும்புப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். தேய்த்துவிட்டு ஒரு உதறு உதறினால் தும்பில் ஒரு பொட்டு உப்பு நிற்கவில்லை. உடன்குடியிலிருந்து மெல்லிய தும்பாக வரவழைத்து, ஊறப்போட்டு, நுனியை நசுக்கி, விரல் நீளத்துக்கு ஒரு பிரஷ் கட்டினாள். ஆபீஸில் தூக்கிப்போட்ட பிரிண்டரிலிருந்து ஒரு சின்ன மோட்டாரை எடுத்தாள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரஷ் வந்து கண்ணாடியை வருடிவிட்டுப் போய் ஒதுங்கிக்கொள்ளும்படி செய்தாள். ஆலை ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் போகாமல் உட்கார்ந்து உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பார்த்தாள். ஆயிரம் தடவை துடைத்தும் கண்ணாடியில் ஒரு கீறல் விழவில்லை. சந்தோஷத்தில் கைதட்டினாள். தட்டின கை பாதியில் நின்றது.

இது மாட்டப்பட்டால் லைன் நிற்காது. லைன் நிற்கவில்லை என்றால் சிவப்பு போன் அடிக்காது.

பிரஷ்ஷைத் துணியில் சுற்றி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினாள். ஒரு வாரம்தானே என்று நினைத்துத்தான் பூட்டினாள். எட்டு மாசம் ஆயிற்று. பொய் சொல்லி அறியாத வீட்டில் பிறந்தவள். மேனேஜர் டிக்சன், இந்தக் கண்ணு பிரச்சினைக்கு ஒரு வழி பண்ணக்கூடாதா என்று கேட்கும்போதெல்லாம், பார்த்துக்கொண்டிருக்கிறேன் சார் என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அந்தச் சாவி அவள் கைப்பையில் கிடந்து கனத்தது.

மார்கழி மாசம். காற்றில் ஈரம் அதிகம், ஒரே நாளில் மூன்று தடவை லைன் நின்றுபோயிற்று. மூன்று தடவையும் காசிலிங்கம்தான் பேசினார். மூன்றாவது தடவை பேசி முடித்து, முகத்தில் கொஞ்சம் சிரிப்போடு ஷெர்லி வெளியே வந்தாள். பாக்கெட் போடுகிற பெண்கள் எல்லாரும் சும்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் போடுகிற பாக்கெட்டுக்குத்தான் கூலி. இசக்கித்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"லைனு நின்னா உங்களுக்குப் போன்ல பேச ஆளு இருக்கு ஷெர்லிம்மா. எங்களுக்குல்லா அன்னன்னைக்கு அடுப்பு நிக்கி."

ஷெர்லிக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. உள்ளே போய், டிராயரைத் திறந்து, துணியோடு எடுத்துக்கொண்டு நேரே டிக்சன் மேஜைக்குப் போனாள்.

பொங்கல் முடிந்த வாரம் பிரஷ்ஷை மாட்டினார்கள். புனேயிலிருந்து சோதிக்க வேண்டியது காசிலிங்கத்தின் வேலை. நாள் முழுக்கப் போனை வைக்காமல் இருந்தார். ஈரத்தைக் காட்டுகிற கோடு திரையில் ஆடாமல் அசையாமல் நேராகப் போகிறது என்றார். தும்பு எங்கே வாங்கினது என்று கேட்டார், உடன்குடி என்றாள். பிறகு, புதிதாகச் சேர்க்கிற எந்தப் பாகத்துக்கும் சிஸ்டத்தில் ஒரு பேர் கொடுக்க வேண்டும் மேடம், என்ன போடட்டும் என்றார். உங்கள் இஷ்டம் சார் என்றாள். டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. திரையில் ஒரு புது வரி வந்தது: ஷெர்லி-1, இயல்பு.

"நல்லா செஞ்சிருக்கீங்க மேடம்," என்றார். "இனிமே கண்ணு கலங்காது."

அவர் குரல் கலங்கியதா இல்லையா என்று அவளால் கடைசிவரைக்கும் தீர்மானிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் அமோகம். தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சால்வை போர்த்தினார்கள், வருஷத்தின் சிறந்த புதுமை என்று கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள், மற்ற நாலு ஆலைகளுக்கும் இதேபோலச் செய்யப் பனந்தும்பு போயிற்று. பாக்கெட் பெண்களின் கூலி கூடியது. இசக்கித்தாய் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பிப்ரவரியில் ரெண்டு தடவை சிவப்பு போன் அடித்தது, ரெண்டும் வேறு சில்லறைக் காரியம். பிறகு அடிக்கவேயில்லை. மார்ச், ஏப்ரல், மே என்று மாசங்கள் போயின. ஷெர்லி சிவப்பு போனைத் தினமும் துடைத்துவைத்தாள். சில நாள் ரிசீவரை எடுத்து, டயல் டோன் வருகிறதா என்று பார்த்துவிட்டு வைத்தாள். ஒரு நாள் போலத் திரையில் 'ஷெர்லி-1, இயல்பு' என்று எழுதி நின்றது. இயல்பாம்! அவளுக்குத்தான் ஒன்றும் இயல்பாக இல்லை.

ஆகஸ்டில் டிக்சன் சந்தோஷமாக வந்து சொன்னார். நிற்காத லைனுக்குப் புனேக்காரன் எதற்கு? அக்டோபர் முப்பத்தொன்றோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம். வேலையை ஒப்படைக்கிற தாள் ஒன்றும் புனேயிலிருந்து வந்தது. அதில் கடைசிப் பக்கத்தில், அவசரத்துக்கு என்று காசிலிங்கத்தின் சொந்த செல் நம்பர் இருந்தது. பதிவு செய்யாத நம்பர். அவள் அதை மனப்பாடம் பண்ணினாள். கூப்பிடவில்லை. என்ன அவசரம் என்று சொல்லிக் கூப்பிடுவது?

ஆயுத பூஜை வந்தது. முந்தின நாள் முழுக்க அவள் சிவப்பு போனுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். வருஷா வருஷம் வருகிற போன் அது, நிற்காத லைனுக்கும் வருகிற போன். கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்கவில்லை. மணி ஐந்து ஆயிற்று, வேன் ஹாரன் அடித்தது. போன் அடிக்கவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்தபோது, சரி, அவருக்கு வேண்டியிருந்தது ஊர்தான், அதுவும் சலித்துவிட்டது போல என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கவுண்ட்ஸ் பெண்ணிடம் தூசி விழுந்துவிட்டது என்றாள்.

மறுநாள் மத்தியானம் பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, எல்லாரும் பொரி வாங்கப் போயிருந்தார்கள். பெல்ட்டைச் சும்மா வெறுமனே ஓட்டிப் பார்க்கிற நேரம். இசக்கித்தாயின் சந்தனக் கிண்ணம் மிசின் பக்கத்தில் இருந்தது. கண்ணுக்கு மட்டும் வைக்காமல் விட்டிருந்தாள். ஐந்து வருஷப் பழக்கம்.

ஷெர்லி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறந்ததிலிருந்து தன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தறியாத பொன்னுதுரை வாத்தியார் மகள், மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டாள். கண்ணாடியின் நடுமத்தியில் வைத்தாள். அதன்மேல் குங்குமமும் வைத்தாள். ஒரே ஒரு தடவை லைன் நிற்கட்டும், ஒரே ஒரு தடவை அந்தச் சிவப்பு போன் அடிக்கட்டும், ஆண்டவரே மன்னியும் என்று நின்றாள்.

பிரஷ் வந்தது. அவள் கட்டின பிரஷ், உடன்குடித் தும்பு. கண்ணாடியை ஒரு தடவை வருடியது, சந்தனம் இழுபட்டது. திரும்பி வருடியது. குங்குமமும் போயிற்று, சந்தனமும் போயிற்று. பளிச்சென்று நின்ற கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. திரையில், ஷெர்லி-1, இயல்பு.

தான் செய்தது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பார்த்து, அந்த நிமிஷத்தில் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இனி மிசின் தன்னைக் காப்பாற்றாது என்று தெரிந்துவிட்டது. மாடிப்படியில் போய் உட்கார்ந்து, தன் செல்போனை எடுத்து, மனப்பாடமான நம்பரை அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தார். பதிவு செய்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை.

"சார், ஷெர்லி பேசுதேன்."

"லைன் நின்னுட்டா மேடம்?"

"இல்ல சார். நிக்கல."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. ஒரு பொம்பளை யாரையோ, ஏலே அங்கன போகாத என்று வைகிற சத்தம் கேட்டது. எங்கே சார் இருக்கிறீர்கள் என்று ஷெர்லி கேட்டாள். விளாத்திகுளம் என்றார். லீவில் வந்து பத்து நாள் ஆகிறதாம். அண்ணன் வீட்டில் இருக்கிறாராம். அதனால்தான் நேற்று ஆபீஸ் போனில் கூப்பிட முடியவில்லையாம். ஒருவேளை இன்றைக்கு லைன் நின்றிருந்தாலும் புனேயில் வேறு ஆள்தான் எடுத்திருப்பானாம். பத்து நாளாக ஊர் முழுக்க இந்தப் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். ஓ, ஊர் கிடைத்துவிட்டது, இனி நான் எதற்கு என்று ஷெர்லி நினைத்தாள். போனை வைத்துவிடலாம் என்று கட்டைவிரலை நகர்த்திவிட்டாள்.

"முந்தாநாளு பஸ் ஏறி உங்க கம்பெனி கேட்டு வரைக்கும் வந்தேன்," என்றார் காசிலிங்கம்.

அவள் விரல் நின்றது.

"வாட்ச்மேன் அண்ணாச்சி நோட்ட நீட்டுனாரு. பேரு எழுதுனேன். ஊரு எழுதுனேன். யாரப் பாக்கணும்னு கேட்டாரு, உங்க பேர எழுதுனேன். என்ன காரணமா வந்திருக்கீகன்னு கேட்டாரு. சொல்லுததுக்கு ஒரு ஃபால்ட்டு கூட இல்லியே ஷெர்லி. நீங்கதான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டீகளே. திரும்பிட்டேன்."

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மேடம் இல்லாமல் பேர் வந்தது. இந்தத் தடவை அந்தப் பக்கத்துக்காரர்தான் இவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மத்தியான பஸ்ஸுக்கு வாங்க," என்றாள். "உப்புக் கம்பெனின்னு கண்டக்டர்கிட்ட சொன்னா கேட்டுக்கு முன்னாடியே நிப்பாட்டுவாக."

போனை வைத்துவிட்டு நேரே கேட்டுக்கு நடந்தாள். வாட்ச்மேன் பெனிஸ்டன் அண்ணாச்சி பொரி தின்றுகொண்டிருந்தார். வருகையாளர் நோட்டை வாங்கி, முந்தாநாள் பக்கத்தைத் திருப்பினாள். அவர் கையெழுத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள், சின்னச் சின்ன எழுத்து. காசிலிங்கம். விளாத்திகுளம். ஷெர்லி. காரணம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. பேனாவை ஊன்றி வெகுநேரம் யோசித்த இடத்தில் மை மட்டும் பொட்டாக ஊறியிருந்தது.

"நாளைக்கு இவரு திரும்ப வருவாரு அண்ணாச்சி," என்றாள். "உள்ள விடுங்க."

ஐயையோ, காரணம் எழுதாமல் ஆளை உள்ளே விட்டால் மேனேஜர் வைவாரே என்று பெனிஸ்டன் அண்ணாச்சி இழுத்தார்.

ஷெர்லி நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"காரணம்னு போட்டிருக்க எடத்துல என் பேர எழுதிக்கிடுங்க."